நான் அழித்த இரண்டு எண்கள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பதிலால் அல்ல, அதற்கு அடுத்து வரும் கேள்வியால். "நிலத்தடி நீர்மட்டத் தரவுகளைக் கம்ப்யூட்டரில் ஆராய்கிறேன்" என்பேன். "அப்ப எங்க போர் போட்டாத் தண்ணி வரும்னு சொல்லுவீகளா?" என்பார்கள். தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வயலில் நடந்து ஊற்றுப் பார்ப்பவரோடு என்னைச் சேர்த்துவிட்டார்களே என்று பொருமுவேன். என் அம்மா இன்னும் சுருக்கமாக முடித்துவிடுவாள். "அவன் நம்பரக் கழுவுறான்" என்பாள். டேட்டாவைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருமுறை அவளிடம் சொல்லப்போய் வந்த வினை அது.

அம்மா சொன்னது ஒன்றும் தப்பில்லை. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் நிலத்தடி நீர் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் எனக்கு வேலை. செயற்கைக்கோள் தரும் மழை விவரம் ஒரு பக்கம், கிணறுகளில் ஆட்கள் அளந்து அனுப்பும் நீர்மட்டம் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து, வரப்போகும் கோடையில் எந்தப் பகுதி வறளும் என்று முன்கூட்டிச் சொல்லும் மாடல் ஒன்றை உருவாக்க வேண்டும். அதற்கு முன் எண்களைக் கழுவ வேண்டும். மற்றவற்றோடு ஒட்டாமல் துள்ளி நிற்கும் எண்ணை நிரல் சிவப்புப் புள்ளியாகக் காட்டும். அது நிஜமா பிழையா என்று முடிவு செய்வது நான். பிழை என்றால் ஒரு தட்டு, எண் போய்விடும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஹாரன் சத்தம் ஓயாத மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்துகொண்டு, பாதிக்கு மேல் கண்ணாலேயே பார்த்திராத கிணறுகளுக்கு நான் நீதிபதியாக இருந்தேன். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்களை அனுப்பியவர்களில் ஒருவர், திருவாதவூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த அக்கா. நாற்பது வயதுக்குள் இருக்கும். பிளஸ் டூ படித்தவர். பழைய மொபட்டில் வாரத்துக்கு ஒருமுறை சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் போய் அளந்து வருவார். தற்காலிக வேலைதான். வேலையில் சேர்ந்தபோது பயிற்சிக்காக ஒரே ஒருமுறை அவரோடு போயிருக்கிறேன். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவார். மேலே இழுத்ததும் சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். கிணற்றின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு ஆழம் என்பது அதில் தெரிந்துவிடும். எழுதிக்கொண்டு, டேப்பைத் துடைத்து, மறுபடி சாக்பீஸ் தேய்த்து இன்னொருமுறை இறக்குவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த கிணறு. "எதுக்குக்கா ரெண்டு தடவ?" என்று கேட்டேன். "ஒரு தடவதான் பாத்தேன்னா வீட்டுக்குப் போனதும் சந்தேகம் வரும் சார். அப்புறம் சோறு எறங்காது" என்றார். இதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். இனி எழுதப்போவதைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

எண்களை அனுப்ப ஒரு ஆப் இருந்தது. அதை வடிவமைத்ததும் நான்தான். கிணற்றின் பெயர், தேதி, எண், அவ்வளவுதான். குறிப்பு எழுத இடம் வேண்டும் என்று களத்துக்குப் போகிறவர்கள் கேட்டபோது மறுத்துவிட்டேன். இடம் கொடுத்தால் கதை எழுதுவார்கள், கதையைக் கிராஃபில் போட முடியாது என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் தன் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதி, மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். நான் சேர்வதற்கு முந்தைய வருடங்களின் பக்கங்களையும் ஒருமுறை அனுப்பியிருந்தார். எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன். திறந்து பார்த்ததில்லை.

அந்த வருடப் பங்குனியில் நான் என் சொந்த ஊரில் இருந்தேன். மதுரைக்கு மேற்கே, விவசாயக் குடும்பங்கள் நிறைந்த ஊர். எனக்கு வேலை கிடைத்தால் மகன் தீச்சட்டி எடுப்பான் என்று அம்மா அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி சாட்டி, அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவித்து, கையில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. டைப் அடிக்கும்போது அது லேப்டாப்பில் உரசி உரசி ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. எங்கள் ஊரில் சாட்டு விழுந்துவிட்டால் யாரும் மண்ணில் கை வைக்க மாட்டார்கள். மம்பட்டி எடுக்க மாட்டார்கள், ஏர் பூட்ட மாட்டார்கள், வயல் மோட்டாரைப் போட மாட்டார்கள். வீட்டுக்குத் தண்ணீர் தெருக்குழாயில் வரும், வயல் காத்துக் கிடக்கும். வழக்கமாக நாலா பக்கமும் கேட்கும் மோட்டார் இரைச்சல் இல்லாமல் ஊர் அமைதியாக இருந்தது. வேலை செய்ய எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அந்த அமைதியில்தான் அக்காவின் கிணறு ஒன்று சிவப்பாகத் தெரிந்தது. ஊருக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில், யாரும் இறைக்காத பழைய கிணறு. சுற்றிலும் போர்வெல்கள். கோடை தொடங்கி வாராவாரம் கீழே போய்க்கொண்டிருந்த தண்ணீர் அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. மழை உண்டா என்று பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. முந்தைய வருடங்களைப் பார்த்தேன். ஒரு வருடம் இதேபோல் பங்குனியில் ஏறியிருந்தது, இன்னொரு வருடம் வைகாசியில், நடுவில் ஒரு வருடம் ஏறவே இல்லை. ஒரு ஒழுங்கும் இல்லை. வானத்திலிருந்தும் வராமல் கண்மாயிலிருந்தும் வராமல் தண்ணீர் எப்படி ஏறும்?

அன்று மத்தியானம் அக்காவே போன் செய்தார்.

"சார், அந்த மேக்காலக் கெணறு இருக்குல்ல, அதுல தண்ணி ஏறியிருக்கும். நீங்க பாத்துருப்பீக. அது எதுக்குன்னா..."

"அக்கா, நான் ஊர்ல விசேசத்துல இருக்கேன். காரணமெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். நீங்க நம்பர் மட்டும் அனுப்புங்க, போதும்."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். இன்னும் ஒரு வாக்கியம் காத்திருந்திருந்தால் போதும். வாசலில் கொட்டுச் சத்தம் கேட்டது, போனை வைத்துவிட்டு அதைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

சாயங்காலம் அந்த இரண்டு எண்களையும் அழித்தேன். அழித்ததோடு விட்டிருக்கலாம். திட்டத்தின் தலைவரான பேராசிரியருக்கு அனுப்பும் அறிக்கையில் அழித்த எண்களுக்குக் காரணம் எழுத வேண்டும். நான் எழுதினேன்: "களப்பணியாளர் நேரில் அளக்காமல் பதிவு செய்திருக்க வாய்ப்பு உண்டு." காப்புக் கட்டிய கையால், மோட்டார் ஓடாத ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன். பாடப்புத்தகம் படிக்காதவன் அறியாமல் செய்த தவறு என்றால் பரவாயில்லை. தண்ணீர் எடுப்பதை நிறுத்தினால் நீர்மட்டம் மீண்டு வரும் என்பது எங்கள் துறையில் முதல் வருடப் பாடம். சாட்டு விழுந்தால் மோட்டார் ஓடாது என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இரண்டும் ஒரே மண்டைக்குள்தான் இருந்தன. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த மாதமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் அளந்த கிணறுகளில் தானாக அளக்கும் சென்சார்கள் பொருத்துவது என்று முடிவானது. செய்தியைச் சொல்ல அந்த ஊருக்குப் போன ஆள், எதற்காக என்பதையும் டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அக்கா எனக்குப் போன் செய்தார். "சார், நான் ஒரு வாரங்கூட வீட்ல ஒக்காந்து எழுதல சார். காய்ச்சலோட போயி அளந்துருக்கேன். யாரு சார் அப்புடி எழுதுனது?"

"எனக்குத் தெரியாதுக்கா. அது மேல எடுத்த முடிவு" என்றேன்.

இந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சிவப்புப் புள்ளியை முறைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காருகிறவன் நான்.

மறுவருடம் வைகாசி. சென்சார் மணிக்கொருமுறை எண் அனுப்பிக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்குரிய கிணறு என்பதால் இருப்பதிலேயே நல்ல கருவியை அந்த மேற்குக் கிணற்றில்தான் போட்டிருந்தோம். ஒரு நாள் காலை கிராஃபைத் திறந்தால் கோடு முதலில் சட்டென்று கீழே இறங்கியிருந்தது. பிறகு, ஒரு நாள் தவறாமல், மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. மழை இல்லை. என் அகம்பாவத்தைப் பாருங்கள், சென்சார் கெட்டுவிட்டது என்றுதான் அப்போதும் நினைத்தேன். கருவியைக் கழற்றி எடுத்து வரலாம் என்று பைக்கில் கிளம்பினேன்.

ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. டீக்கடையில் வண்டியை நிறுத்தி, கிணற்றுக்கு வழி கேட்டேன். என்ன விஷயம் என்றார் கடைக்காரர். தண்ணீர் ஏறியிருக்கிறது, அதைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"ஏறாம என்ன செய்யும்ணே? சாமி சாட்டி இன்னியோட ஒம்பது நாளு. மம்பட்டியவே தொட மாட்டோம், மோட்டார எங்கிட்டுப் போட? சாட்டுக்கு மொத நாளு ஊரு பூராம் தண்ணியப் பாச்சி வச்சுக்கிருவாக. அப்புறம் பதினஞ்சு நாளைக்கு ஒரு மோட்டாரு மூச்சு விடாது."

"ஒவ்வொரு வருசமுமாண்ணே?"

"சாமி கும்புடுற வருசம் பூராம். பங்குனில வரும், வைகாசில வரும், சாமி உத்தரவு கெடைக்கிறதப் பொறுத்து. நடுவுல ரெண்டு வகையறாவுக்குள்ள தகராறு, ஒரு வருசம் கும்புடல."

கையில் டீ கிளாஸ் இருந்தது. முதலில் இறங்கி, பிறகு ஏறிய கோடு கண்ணுக்குள் வந்தது. பங்குனி, வைகாசி, நடுவில் ஏறாத ஒரு வருடம், எல்லாம் வந்தது. அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அக்கா அனுப்பிய படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நீல மையில், எண்ணுக்குப் பக்கத்தில், நிதானமான எழுத்து. "சாட்டு. மோட்டார் ஓடல. ரெண்டு தடவ அளந்தேன்." போன வருடம் இப்படி இரண்டு முறை எழுதியிருந்தது. அதற்கு முந்தைய வருடங்களிலும் இருந்தது. திருவிழா நடக்காத வருடத்தில், "இந்த வருசம் சாட்டு இல்ல" என்று அதையும் எழுதியிருந்தார். என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டேன். வெறும் மணிக்கட்டுதான். ஆனாலும் சட்டைக் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டேன்.

அக்கா வீட்டில்தான் இருந்தார். தையல் கம்பெனி வேனில் தினமும் வேலைக்குப் போகிறாராம், சாட்டுக்காக லீவு. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அவர் உட்காரவில்லை. சுளகில் முருங்கைக்கீரை உருவிக் கிடந்தது. நான் தலைவரிடம் பேசுகிறேன், மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்கிறேன் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். அறிக்கையில் அந்த வாக்கியத்தை எழுதியது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

"வேலை கெடக்கட்டும் சார்" என்றார். "முளைப்பாரி போடுறவுக பேரெல்லாம் வருசா வருசம் நான்தான் எழுதுவேன். எங்கையெழுத்து நல்லாருக்கும்னு என்னயத்தான் கூப்புடுவாக. இந்த வருசம் வேற புள்ளயக் கூப்புட்டுக்கிட்டாக. யாரும் ஒன்னும் சொல்லல. ஆனா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? பொங்க வைக்கிற அன்னிக்கு ஊரே கோயில்ல இருக்கும். மைக்கு இருக்கும். எம்மேல தப்பு இல்லன்னு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு அது போதும்."

வாரேன்க்கா என்றேன். போகவும் செய்தேன். அதற்குமேல் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கோயிலைச் சுற்றிப் பொங்கல் பானைகள். புகையில் கண் எரிந்தது. மைக் வைத்திருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷமாகக் கையில் கொடுத்துவிட்டார். முன்னால் பெண்கள், பின்னால் துண்டு போட்ட ஆண்கள், ஓரத்தில் அக்கா. பைக்கில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. 'அந்தப் பொய்யை எழுதியவன் நான்.' மைக் வாயருகே வந்ததும் வேறொன்று வந்தது. "கம்ப்யூட்டரில் ஏற்பட்ட ஒரு தொழில்நுட்பப் பிழையால் இவர் எடுத்த அளவுகள் தவறு என்று பதிவாகிவிட்டன. உண்மையில் அவை மிகச் சரியானவை. திட்டத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்." நல்ல தமிழ். ஒரு பிசிறு இல்லை. கூட்டத்தில் யாரோ, "அதான பாத்தேன், மிசினு செஞ்ச வேலையா?" என்றார்கள். சிலர் கை தட்டினார்கள். மைக் வைத்திருந்தவர் அதைத் திரும்ப வாங்கி, வழியை மறித்து நிற்கும் டிராக்டரை எடுக்கச் சொன்னார்.

வண்டியை எடுக்கப் போனபோது அக்கா பின்னாலேயே வந்தார். வாழையிலையில் பொங்கல் மடித்துக் கொடுத்தார்.

"வந்ததுக்குச் சந்தோசம் சார். மிசினு நம்பர அழிக்கும், சரி. அளக்காம எழுதுனாள்னு அதுவே எழுதவும் செய்யுமா சார்?"

அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "நேரமாச்சுக்கா, போயிட்டு வாரேன்" என்றேன். மதுரைக்குத் திரும்பும் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி அந்தப் பொங்கலைத் தின்றேன். தூக்கிப் போட மனம் வரவில்லை.

பிறகு தலைவருக்குக் கடிதம் எழுதினேன். அதிலும் நிரலின் பிழை என்றுதான் இருந்தது. அக்காவை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். சென்சார் சரியாக வேலை செய்கிறதா என்று வாராவாரம் டேப் போட்டுப் பார்க்கும் வேலை. தையல் கம்பெனியைவிட இது பரவாயில்லை என்று வந்துவிட்டார். அழித்த எண்களைத் திரும்பச் சேர்த்து மாடலை ஓட்டினேன். இனி மீளாது என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பகுதி, இரண்டு வாரம் விட்டுவைத்தாலே எவ்வளவு மீள்கிறது என்று தெரிந்தது. ஒரு கருத்தரங்கில் அந்தக் கிராஃபைக் காட்டிப் பேசினேன். உள்ளூர்ப் பழக்கத்தைத் தரவோடு இணைத்துப் பார்த்த நுட்பம் என்று என்னைப் பாராட்டினார்கள். நன்றி சொல்லி மேடையிலிருந்து இறங்கினேன். அன்று முழுவதும் யாருடைய முகத்தையும் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

ஆப்பிலும் ஒரு மாற்றம் செய்தேன். எண்ணுக்குக் கீழே "குறிப்பு" என்று ஒரு கட்டம், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். மற்ற ஊர்க்காரர்கள் ஆசையாக நிரப்புகிறார்கள். கிணற்றில் பாம்பு கிடந்தது முதல் தன் வீட்டுக் காதுகுத்து வரை எழுதுகிறார்கள். அக்காவிடமிருந்து எண் மட்டும் வரும். குறிப்பு ஒருநாளும் நிரம்பியதில்லை. நோட்டைப் படம் பிடித்து அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்.

இந்தப் பங்குனியில் மேற்குக் கிணற்றின் எண் மறுபடி சிவப்பாக வந்தது. தண்ணீர் ஏறியிருந்தது. குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. எனக்குக் காரணம் தெரியும், நானே நிரப்பியிருக்கலாம். நிரப்பவில்லை, போன் செய்தேன்.

"அக்கா, மேக்காலக் கெணத்துல தண்ணி ஏறியிருக்கு."

"ஆமா சார்."

"குறிப்புல ஒன்னும் எழுதலையேக்கா."

அக்கா சாதாரணமாகச் சொன்னார். "நம்பர் மட்டும் அனுப்புனாப் போதும்னு சொன்னீகளே சார்."

"நாந்தேன்க்கா" என்றேன். வேலைக்காகப் பழகிய பேச்சு போய், என் ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிட்டது. "அன்னிக்கு மிசினு இல்லக்கா. நீங்க அளக்காம எழுதுனீகன்னு எழுதுனது நாந்தேன்."

அக்கா போனை வைக்கவில்லை. அவர் வயலில்தான் நின்றிருக்க வேண்டும். சாட்டு நாள் என்பதால் ஒரு மோட்டார் சத்தம்கூட இல்லை, டேப்பைச் சுருட்டும் சத்தம் மட்டும் கேட்டது.